மரத்தரை: கடினத்தைப் பார்க்கும் முன் ஈரத்தைப் பாருங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: புதிதாகக் கட்டி முடித்த வீட்டின் கூடத்திலும் இரண்டு படுக்கையறைகளிலும் வன்மரத் தரை போட விரும்புகிறீர்கள், கீழே இருப்பது கான்கிரீட் தளம், வீட்டில் பெரிய நாய் ஒன்று ஓடியாடுகிறது, ஆகவே கிடைக்கும் மரங்களிலேயே மிகக் கடினமானது எது, அதை முழுமரப் பலகையாக வாங்குவதா, மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த அடுக்குப் பலகையாக வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மரம், அடுத்துப் பலகை, கடைசியில் தளம் என்ற இந்த வரிசையில்தான் பெரும்பாலோர் யோசிக்கிறார்கள். தளத்தைப் பற்றிப் பலர் கேட்பதே இல்லை. இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள் என்பதே நான் சொல்ல வருவது. மரத்தரை கெட்டுப்போவது பெரும்பாலும் மரம் மென்மையாக இருந்ததால் அன்று. மரத்திலுள்ள ஈரமும், அதன் கீழுள்ள தளத்தின் ஈரமும், மேலுள்ள காற்றின் ஈரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததால்தான்.

மரம் அறுபட்டு, சூளையில் காய்ந்து, பலகையாகி, மெருகேறிய பிறகும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்குவதையும் திருப்பி விடுவதையும் நிறுத்துவதில்லை. அறை வெப்பநிலை 21 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும்போது, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 30 சதவீதமானால் மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 6 சதவீதத்திலும், 50 சதவீதமானால் 9 சதவீதத்திலும், 80 சதவீதமானால் 16 சதவீதத்திலும் வந்து நிலைகொள்ளும். ஈரம் ஏறும்போது மரம் உப்பும், இறங்கும்போது சுருங்கும். ஆனால் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் அன்று. நீளவாக்கில் அசைவு அனேகமாக இல்லையென்றே சொல்லிவிடலாம். குறுக்குவாக்கில்தான் எல்லாத் தொல்லையும். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் அசைவு, மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. ஒரே மரத்திலிருந்து வந்த இரண்டு பலகைகள், அறுத்த விதத்தால் மட்டுமே வேறுவேறு மாதிரி நடந்துகொள்வது இதனால்தான்.

இதைக் கணக்காகப் பார்த்தால் தெளிவாகும். சிவப்பு ஓக் மரத்தில் 125 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கும் வறண்ட காலத்துக்கும் இடையே அதன் ஈரம் 4 சதவீதப் புள்ளிகள் மாறினால், தட்டையாக, அதாவது வளையங்கள் பலகையின் முகத்தை ஒட்டிக் கிடக்கும்படி, அறுத்த பலகையின் அகலம் ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர் மாறும். வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையானால் மாற்றம் 0.8 மில்லிமீட்டர்தான். அதே அகலத் தேக்குப் பலகை, தட்டையாக அறுத்திருந்தாலும், 0.9 மில்லிமீட்டரோடு நின்றுவிடும்; ஹிக்கரி மரப் பலகை 2 மில்லிமீட்டரைத் தாண்டும். 1.8 மில்லிமீட்டர் ஒரு பெரிய விஷயமா என்று தோன்றலாம். 4 மீட்டர் அகல அறைக்குள் இப்படி 32 பலகைகள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எதுவும் பிடித்துவைக்காவிட்டால் மொத்தம் 6 சென்டிமீட்டருக்கு அருகில் வரும். ஆணியும் பசையும் அதில் பெரும்பகுதியை அடக்கிவைக்கும் என்பது உண்மை. அடங்காத பகுதி வறண்ட காலத்தில் பலகைகளுக்கிடையே இடைவெளியாகவும், ஈரக் காலத்தில் பலகைகள் ஒன்றையொன்று நெருக்குவதாகவும் வெளிப்படும். சுவரோரம் விடும் 10 முதல் 20 மில்லிமீட்டர் இடைவெளி அழகுக்கானதன்று. அடிப்பட்டையால் மறைந்துபோகும் அந்த இடம் இல்லாவிட்டால் தரை நடுவில் மேலெழும்பிவிடும்.

அகலமான பலகைதான் இப்போது பலருடைய விருப்பமாக இருக்கிறது. பார்வைக்கு அது கம்பீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் 180, 220 மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக அறுத்த முழுமரப் பலகையைக் காற்றின் ஈரம் பெரிதும் ஏறியிறங்கும் இடத்தில் போடுவது தெரிந்தே வம்பை விலைக்கு வாங்குவதாகும். முழுமரந்தான் வேண்டுமென்றால் 60 முதல் 90 மில்லிமீட்டர் அகலத்துக்குள் நின்றுகொள்ளுங்கள். அகலந்தான் வேண்டுமென்றால் அடுக்குப் பலகைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் கான்கிரீட் தளத்துக்கு வருகிறேன். புதிய கான்கிரீட் மேலே தொட்டால் காய்ந்ததாகத் தோன்றும். உள்ளே மாதக்கணக்கில் நீர் இருக்கும். ஓர் அங்குலக் கனம் காய ஒரு மாதம் என்று கட்டுமானத் துறையில் வாய்வழக்காகச் சொல்வார்கள். அது தோராயமே, தளத்தை மூடிவைத்திருந்தாலோ அடியில் ஈரத்தடுப்புத் தாள் இல்லாவிட்டாலோ அந்தக் கணக்கு செல்லாது. எனவே நாளை எண்ணாமல் ஈரத்தை அளக்கச் சொல்லுங்கள். தளத்தில் துளையிட்டு, ஒரு பக்கம் மட்டும் காயும் தளமானால் அதன் கனத்தில் 40 சதவீத ஆழத்தில் உணரியைப் பொருத்தி, உள்ளிருக்கும் ஒப்பு ஈரப்பதத்தை அளக்கும் முறையே நம்பகமானது. பசையின் தயாரிப்பாளர் சொல்லும் எல்லை எதுவோ அதற்குள் அளவு இறங்கியிருக்க வேண்டும். 75 சதவீதம் என்பது பரவலாகக் காணப்படும் எல்லை. மேற்பரப்பில் பிளாஸ்டிக் தாளை ஒட்டிவைத்து வியர்க்கிறதா என்று பார்ப்பது எச்சரிக்கையாகப் பயன்படும். அது வியர்க்கவில்லை என்பதால் மட்டும் தளம் காய்ந்துவிட்டதென்று முடிவு கட்டக்கூடாது.

அளக்காமல் போட்டால் என்னவாகும் என்பதை ஒரு வீட்டில் நேரில் பார்த்திருக்கிறேன். தரை போட்டு மூன்றாவது மாதத்தில் ஒவ்வொரு பலகையும் ஓரங்கள் உயர்ந்து, நடு பள்ளமாகி, வெறுங்காலில் நடந்தால் ஓடு வேய்ந்த கூரைமேல் நடப்பதுபோல இருந்தது. கீழிருந்து வந்த ஈரத்தால் பலகையின் அடிப்பக்கம் உப்பி, மேற்பக்கம் உப்பாததால் வருவது இது. பதறிப்போன வீட்டுக்காரர் உடனே ஆளைக் கூப்பிட்டு உயர்ந்த ஓரங்களைத் தேய்த்துச் சமமாக்கிவிட்டார். அடுத்த ஆண்டு தளம் காய்ந்து பலகைகள் தம் பழைய வடிவத்துக்குத் திரும்பியபோது, தேய்ந்துபோன ஓரங்கள் கீழே இறங்க, நடு மேடாக நின்றது. பலகை குழிந்துவிட்டால் முதலில் ஈரம் வரும் வழியை அடைத்து, தரையைக் காயவிட்டு, ஒரு பருவமாவது பொறுத்துப் பார்த்த பிறகே எந்திரத்தைத் தொட வேண்டும். சில தரைகள் தாமாகவே படிந்துவிடுவதும் உண்டு.

பலகைகளை வீட்டுக்குள் கொண்டுவந்து சில நாள் போட்டுவைத்தால் பழகிக்கொள்ளும் என்று எல்லாரும் சொல்வார்கள். இத்தனை நாள் என்ற எண்ணிக்கைக்குப் பொருளே இல்லை. கதவும் சன்னலும் பொருத்தாத, பூச்சுவேலை இன்னும் ஈரமாக இருக்கிற வீட்டில் இரண்டு வாரம் வைத்தால் பலகை நன்றாகவே பழகிக்கொள்ளும், ஆனால் நீங்கள் குடியிருக்கப்போகும் வீட்டுக்கு அன்று, கட்டுமானக் களத்துக்கு. வீடு முழுவதும் மூடப்பட்டு, ஈரவேலைகள் முடிந்து, நீங்கள் வாழும்போது இருக்கக்கூடிய காற்றுநிலை வந்த பிறகு பலகையைக் கொண்டுவந்து, ஈரமானியால் பத்திருபது பலகைகளையாவது அளந்து பாருங்கள். கீழே மரத்தாலோ பிளைவுட்டாலோ ஆன அடித்தளம் இருக்குமானால், அதற்கும் தரைப்பலகைக்கும் இடையிலான ஈர வேறுபாடு 75 மில்லிமீட்டருக்கு உட்பட்ட அகலப் பலகைக்கு 4 சதவீதப் புள்ளிகளையும், அதற்கு மேற்பட்ட அகலத்துக்கு 2 சதவீதப் புள்ளிகளையும் தாண்டக்கூடாது என்பது தரை வேலைக்காரர்கள் பொதுவாகக் கொள்ளும் அளவு. தளத்தின் சமமட்டத்தையும் அப்போதே பார்த்துவிடுங்கள். 6 அடி நேர்க்கோலின் கீழ் 3 மில்லிமீட்டருக்கு மேல் பள்ளமிருந்தால், பிற்காலத்தில் கால் வைக்கும்போதெல்லாம் தரை முனகும்.

முழுமரமா, அடுக்குப் பலகையா என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்வது எளிது: கான்கிரீட் தளத்துக்கு அடுக்குப் பலகை. கடைகளில் எஞ்சினியர்டு பலகை என்று சொல்லப்படும் இதில், மேலே உண்மையான வன்மரத் தகடும், கீழே ஒன்றுக்கொன்று குறுக்கு ரேகையாக ஒட்டிய மெல்லிய மர அடுக்குகளும் இருக்கும். ஓர் அடுக்கு அகலவாக்கில் அசையப் பார்க்கும்போது, குறுக்கே ஒட்டியிருக்கும் அடுக்கு தன் நீளவாக்கால் அதைப் பிடித்துக்கொள்வதால் மொத்தப் பலகையும் அமைதியாகக் கிடக்கிறது. இதைப் போலி மரம் என்று சிலர் ஏளனமாகச் சொல்வது, மரத்தின் படத்தை அச்சடித்து ஒட்டிய லேமினேட் தரையோடு இதைக் குழப்பிக்கொள்வதால்தான். லேமினேட்டில் மேலே மரமே இல்லை. இதிலோ நீங்கள் மிதிப்பது மரத்தைத்தான்.

முழுமரத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் தேய்த்துப் புதுப்பிக்கலாம், அடுக்குப் பலகையை அப்படிச் செய்ய முடியாது என்ற வாதத்திலும் பாதி உண்மைதான் இருக்கிறது. 19 மில்லிமீட்டர் கனமுள்ள முழுமரப் பலகையில், பக்கத்துப் பலகையோடு கோத்துக்கொள்ளும் நாக்கும் காடியும் நடுவில் இருப்பதால், காடிக்கு மேலே உள்ள 6 முதல் 8 மில்லிமீட்டர் மட்டுமே தேய்ப்பதற்கு உரியது. அதற்குக் கீழே உள்ளதைத் தேய்த்தால் பலகையே கழன்று வரும். ஒரு முறை எந்திரத்தால் தேய்க்கும்போது அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை போகும் என்று வைத்துக்கொண்டால், மேல்தகடு 4 மில்லிமீட்டர் உள்ள அடுக்குப் பலகை இரண்டு மூன்று முறை தேய்ப்பதைத் தாங்கும். வீட்டுத் தரை ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்தாலே அதிகம் என்பதால், அது ஓர் ஆயுளுக்குப் போதும். ஆனால் மேல்தகடு 0.6 மில்லிமீட்டர் மட்டுமே உள்ள பலகைகளும் அதே பெயரில், அதே பளபளப்போடு விற்கப்படுகின்றன. அவற்றை ஒருமுறைகூடத் தேய்க்க முடியாது. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது மொத்தக் கனத்தை அன்று, மேல்தகட்டின் கனத்தை. வாய்ச்சொல்லை நம்பாமல் ஒரு பலகையின் வெட்டுமுகத்தை நீங்களே அளந்து பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை நான் வாங்கமாட்டேன்.

உள்ளடுக்கையும் அந்த வெட்டுமுகத்திலேயே பார்த்துவிடலாம். பல அடுக்குப் பிளைவுட் நன்று. மரத்தூளை அழுத்திச் செய்த உள்ளடுக்கு, வழுவழுப்பாகவும் துல்லியமாகவும் இருந்தாலும், ஒருமுறை தண்ணீர் புகுந்து உப்பினால் காய்ந்த பிறகும் பழைய நிலைக்கு வருவதில்லை. ஒட்டும் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவு குறித்த சான்று உண்டா என்றும் கேளுங்கள். ஐரோப்பாவின் ஈ1 வகுப்பு, கலிஃபோர்னியாவின் கார்ப் இரண்டாம் கட்டம் என்ற பெயர்களைப் பெட்டியின்மேல் காணலாம். தரைக்கு அடியில் வெப்பக்குழாய் அமைப்பதாக இருந்தால் அடுக்குப் பலகையைத் தவிர வேறொன்றை யோசிக்காதீர்கள். தரைப்பரப்பின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போதுதான் நீங்கள் முதலில் கேட்ட கடினத்துக்கு வருகிறோம். கடைகளில் காட்டும் எண்கள் ஜான்கா அளவுகோலில் உள்ளவை. ஆஸ்திரிய மர ஆய்வாளர் காப்ரியேல் ஜான்கா 1906இல் உருவாக்கிய சோதனை அது. 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்துக்குள் பாதி விட்டம்வரை அழுத்துவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதே அந்த எண். பவுண்டு கணக்கில் கறுப்பு வால்நட் 1010, சிவப்பு ஓக் 1290, வெள்ளை ஓக் 1360, கடின மேப்பிள் 1450, ஹிக்கரி 1820, ஜட்டோபா 2350. தேக்கு 1000த்தைச் சற்று ஒட்டியே நிற்கிறது. ஓக்கைவிடத் தேக்கு மென்மையானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வன்மரம் என்ற சொல்லே கடினத்தைக் குறிப்பதன்று. பூத்துக் காய்க்கும் அகன்ற இலை மரங்களுக்குப் பொதுவான பெயர் அது. பொம்மை விமானம் செய்யும் பால்சாவும் வன்மரந்தான்.

அந்தச் சோதனை எதை அளக்கிறது என்பதைக் கவனியுங்கள். குண்டு அழுந்துவதை அளக்கிறது. அதாவது கனமான பொருள் விழுந்தால், குதிகால் செருப்பு அழுத்தினால், நாற்காலிக் கால் ஊன்றினால் பள்ளம் விழுமா என்பதை. கீறலை அது அளப்பதில்லை. நாயின் நகம் முதலில் கீறுவது மரத்தை அன்று, மரத்தின்மேல் உள்ள பூச்சை. 2350 எண்ணுள்ள மரத்தின்மேலும் 1010 எண்ணுள்ள மரத்தின்மேலும் ஒரே பூச்சு இருந்தால், நகக்கீறல் இரண்டிலும் அனேகமாக ஒரே மாதிரிதான் விழும். போதாக்குறைக்கு, ஜட்டோபா போன்ற கருமையும் வழுவழுப்பும் கொண்ட மரத்தில் வெண்கோடாகப் பளிச்செனத் தெரியும். உங்கள் நாய்க்காகக் கடின மரத்தைத் தேடுவது, மழைக்குப் பயந்து கெட்டியான செருப்பு வாங்குவதைப் போன்றது.

நாய் இருக்கும் வீட்டுக்கு நான் பரிந்துரைப்பது ரேகை நன்றாகத் தெரியும், நடுத்தர நிறமுள்ள, மினுமினுப்புக் குறைந்த தரையை. வெள்ளை ஓக் இதற்கு ஏறத்தாழ அளந்து செய்ததுபோல் பொருந்தும். ரேகைப் பள்ளங்களைத் தூரிகையால் சற்று ஆழப்படுத்திய பலகையானால் சிறு கீறல்கள் அவற்றுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும். மேப்பிள் எண்ணளவில் ஓக்கைவிடக் கடினமானது. ஆனால் அதன் வெறிச்சென்ற முகத்தில் எதுவும் மறையாது. சாயமும் ஒரே சீராகப் பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும்.

பூச்சைத் தேர்ந்தெடுப்பதில் மரத்தைத் தேர்ந்தெடுப்பதைவிட அதிக நேரம் செலவிடுங்கள். ஆலையிலேயே அலுமினியம் ஆக்சைடு கலந்து பூசி, புறஊதா ஒளியில் இறுக்கிய பூச்சு நீண்டநாள் உழைக்கும்; போட்ட அன்றே நடக்கலாம்; வீட்டில் வாடை இருக்காது. அதன் குறை, ஒரு மூலையில் ஆழமாகக் கீறிவிட்டால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது அனேகமாக நடவாது என்பது. வீட்டில் வைத்துப் பூசும் பாலியூரித்தேனில், எண்ணெய் வகை மரத்துக்குத் தேன்நிறம் ஏற்றி ஆண்டுதோறும் மஞ்சளாகிக்கொண்டே போகும். நீர்வகை நிறமற்றது, விரைவில் காயும். நீர்வகையில் இரு பொருள்களைக் கலந்து பூசும் வகை கூடுதலாக உழைக்கும். மூன்றாவது, எண்ணெயும் மெழுகும் கலந்து மரத்துக்குள்ளேயே ஊறவிடும் முறை. இது படலமாக நிற்காததால் மரத்தின் தொடுவுணர்வு அப்படியே இருக்கும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்து, அதே எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவினால் போதும். அதற்கு ஈடாக, நடமாட்டம் மிகுந்த இடங்களில் அவ்வப்போது எண்ணெய் தடவும் வேலையை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். நாய் வளர்ப்பவர், சிறு வேலைக்குச் சலிக்காதவர் என்றால் இதுவே சிறந்தது என்பேன். இதோடு தொடர்புள்ள ஓர் எச்சரிக்கை: உலரும் எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி ஒரு மூலையில் குவித்துவைத்தால் அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றிக்கொள்ளும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்துங்கள்.

படலப் பூச்சு எதுவானாலும், அது தேய்ந்து மரம் வெளியே தெரியும்வரை காத்திருக்கக் கூடாது. மேற்படலத்தை மட்டும் லேசாகச் சுரண்டி அதன்மேல் ஒரு பூச்சு கொடுப்பது ஒருநாள் வேலை. மரம் வெளிப்பட்டுக் கறுத்துவிட்டால் முழுத்தரையையும் தேய்த்தாக வேண்டும். ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைய இருப்பதால், ஈரத்தோடு இரும்பு சேர்ந்த இடமெல்லாம் நீலக்கறுப்பாகக் கறை பிடிக்கும். பூந்தொட்டியின் இரும்புத் தாங்கி ஒன்றே ஓர் அறையைக் கெடுக்கப் போதும்.

தரப்பிரிவு பற்றி நீட்ட வேண்டியதில்லை. கணுவும் நிறமாறுபாடும் குறைந்தது உயர்தரம், மிகுந்தது கீழ்த்தரம் என்பது முழுக்கத் தோற்றம் பற்றியது. வலிமையோடு அதற்குத் தொடர்பில்லை. கணு பிடித்திருந்தால் மனநிறைவோடு கீழ்த்தரத்தையே வாங்குங்கள்.

வணிகப் பெயரை நம்பி மட்டும் வாங்காதீர்கள். பிரேசில் செர்ரி என்பது செர்ரியன்று, மேலே சொன்ன ஜட்டோபா. பிரேசில் தேக்கு என்பது தேக்கன்று, குமாரு. தாவரவியல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். தேக்கென்றால் அதில் டெக்டோனா கிராண்டிஸ் என்று இருக்க வேண்டும். அந்தப் பெயர் சட்டத்துக்காகவும் வேண்டும். அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையில் ஈட்டி வகையைச் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் ஏறத்தாழ முழுவதும் 2017இல் இரண்டாம் பட்டியலுக்குள் வந்துவிட்டது. 1993இல் தொடங்கிய வன மேலாண்மைக் குழுவின் எஃப்எஸ்சி முத்திரை இருந்தால், அந்த மரம் கைமாறி வந்த வழிக்குத் தொடர்ச்சியான பதிவு இருக்கும். தேக்கைப் பொறுத்தவரை இன்னொன்றும் பாருங்கள்: இளந்தோட்ட மரத்தில் வைரம் எனப்படும் உள்மரம் குறைவாகவும் வெளிறிய புறமரம் மிகுதியாகவும் இருக்கும். தேக்கின் பெயருக்குக் காரணமான குணமெல்லாம் வைரத்தில்தான் இருக்கிறது.

நிறத்தைக் கடை விளக்கில் பார்த்து முடிவுசெய்ய வேண்டாம். செர்ரியும் ஜட்டோபாவும் வெளிச்சம் பட்டுக் கறுக்கும். வால்நட் நாளடைவில் வெளிறும். இரண்டு மாதிரித் துண்டுகளை வாங்கிவந்து, பாதியை அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலோரம் சில வாரம் போட்டுவைத்தால் உங்கள் தரை எந்தப் பக்கம் போகப்போகிறது என்பது தெரிந்துவிடும். அதுபோலவே, தரை போட்ட முதல் ஆண்டில் விரிப்புகளையும் கட்டிலையும் அவ்வப்போது இடம் மாற்றிவையுங்கள். இல்லாவிட்டால் அவற்றின் வடிவம் தரையில் பதிந்து நிற்கும்.

எனவே உங்கள் வீட்டுக்கு, தளத்தின் ஈரம் எல்லைக்குள் இறங்கிவிட்டது என்று அளந்து உறுதிசெய்த பிறகு, மேல்தகடு 4 மில்லிமீட்டர் உள்ள, பிளைவுட் உள்ளடுக்குக் கொண்ட, 150 மில்லிமீட்டருக்கு மிகாத அகலமுள்ள, தூரிகையிட்ட வெள்ளை ஓக் அடுக்குப் பலகையை, தளத்தோடு முழுப்பரப்பும் பசையிட்டு ஒட்டி, எண்ணெய்மெழுகுப் பூச்சோடு போடச் சொல்வேன். நேராக அடுக்குவதானால் அறையின் பரப்பைவிட 5 முதல் 10 சதவீதம் கூடுதலாகவும், மீன்முள் வடிவில் அடுக்குவதானால் 15 சதவீதம் வரை கூடுதலாகவும் வாங்குங்கள். வேலை முடிந்து மிஞ்சும் பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிடாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு பெட்டியைத் தட்டையாகக் கிடத்திவையுங்கள். பத்தாண்டு கழித்து ஒரு பலகையை மாற்ற நேர்ந்தால், அதே கனமும் அதே காடி அளவும் கொண்ட பலகை கடையில் கிடைப்பது அரிது.